சிங்காவாங் கடற்கரை ஊரும் 'கோங்சி'ங்கிற கூட்டுக் கணக்கும்

ஹக்கான்னு தமிழ்ல தேடிப் பாத்தீங்கன்னா வர்றது பூரா நூடுல்ஸ் ரெசிபிதான். அதைத் தாண்டி போனா யூட்யூப் வீடியோ ரெண்டு மூணு வரும், போர்னியோ தீவுல சீனாக்காரங்க 1777லயே ஒரு குடியரசு ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுக்கு அடுத்து உலகத்துலயே அதுதான், ஜனாதிபதி எல்லாம் இருந்தாருன்னு மியூசிக் போட்டு சொல்லுவாங்க. ரெண்டுமே பாதி உண்மை. பாதி உண்மையை நம்பிட்டு அந்தப் பக்கம் டூர் போனா கண்ணு முன்னாடி இருக்கறதே புரியாம போட்டோ மட்டும் எடுத்துட்டு வரணும். அதனால இந்தோனேசியாவுல மேற்கு காலிமந்தான்ல இருக்குற சிங்காவாங்ங்கிற ஒரே ஊரை எடுத்துக்கிட்டு ஹக்கான்னா யாரு, அவங்க ஏன் இந்தக் கடற்கரைக்கு வந்தாங்க, அந்த 'குடியரசு' உண்மையில என்னன்னு அடியில இருந்து பாத்துடலாம். வரலாறு படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

ஹக்கான்னா யாரு

ஹக்காங்கிறவங்க சீனாவோட பெரும்பான்மை இனமான ஹான் மக்கள்லயே ஒரு பிரிவு. தனி பழங்குடி கிடையாது, ஆனா தனி பேச்சு மொழி இருக்கு, கான்டனீஸ் பேசுறவருக்கு அது புரியாது. பல நூறு வருஷமா வடக்குல இருந்து கொஞ்சம் கொஞ்சமா தெற்க பாத்து நகர்ந்து வந்தவங்க, வந்து சேர்றப்ப நல்ல வயல்வெளி எல்லாம் ஏற்கனவே அங்க இருந்தவங்க கையில இருந்துச்சு, மிச்சம் கெடைச்சது தென் சீனாவுல குவாங்டோங், ஃபூஜியன், ஜியாங்ஷி மூணு மாகாணமும் சந்திக்கிற மலைக்காடுதான். விருந்தாளிங்கன்னு அர்த்தம் வர்ற பேரு அப்படித்தான் ஒட்டிக்கிச்சு. மலையில மண்ணு சத்தில்லாதது, ஆம்பளைங்க வெளியூர் போய் சம்பாதிச்சே ஆகணும், பொம்பளைங்க வயல்ல எறங்கி வேலை பாத்தே ஆகணும், அதனாலதான் மத்த சீனக் குடும்பங்கள்ல பொண்ணுங்களுக்கு கால் கட்டுற பழக்கம் இருந்த காலத்துலயும் ஹக்கா பொண்ணுங்களுக்கு கட்டல.

வெளியூர் போனவங்க நிறைய தூரம் போயிட்டாங்க. கொல்கத்தா டாங்ராவுல தோல் பதனிடுற தொழில் பண்ணது பெரும்பாலும் ஹக்காக்காரங்க, அவங்க வழியா வந்த இந்தியன் சைனீஸ் சமையல்ல இருந்துதான் நம்ம ஹோட்டல் மெனுவுல ஹக்கா நூடுல்ஸ் வந்து உக்காந்துச்சு. அந்த சாஸும் குடமிளகாயும் போட்ட ஐட்டம் நம்ம நாட்டுச் சரக்கு, சிங்காவாங்ல போய் கேட்டா திருதிருன்னு முழிப்பாங்க. இன்னொன்னு, ஹக்கான்னாலே பெரிய வட்டமான மண்கோட்டை வீட்டு போட்டோ போடுவாங்க பாருங்க, அது ஃபூஜியன் பக்கத்துது, எல்லா ஹக்காவும் அதுல வாழல. போர்னியோ வந்தவங்கள்ல ரொம்ப பேரு குவாங்டோங்ல இருக்குற மெய்சோ பகுதியில இருந்தும் அதுக்குத் தெற்க இருக்குற மலையடிவாரங்கள்ல இருந்தும் வந்தவங்க. சிங்காவாங்ல வட்டவீடு தேடாதீங்க.

மலைக்காரங்க கடலோரம் எப்படி

சிங்காவாங் எங்க இருக்குன்னா, பூமத்திய ரேகை மேலயே உக்காந்திருக்குற பொந்தியானாக் நகரத்துல இருந்து வடக்க 145 கிலோமீட்டர் மாதிரி, ரோட்டுல மூணு நாலு மணி நேரம். ஒரு பக்கம் தென் சீனக் கடல், இன்னொரு பக்கம் ஊரோட முதுகுல ஒட்டுன மாதிரி போத்தெங், பாசின்னு மலைங்க, நடுவுல ஆறும் வயலும். அந்த மலைக்குப் பின்னாடி உள்நாட்டுல மொண்ட்ராடோன்னு ஒரு இடம். விஷயம் பூரா அங்கதான். தங்கம்.

18ம் நூற்றாண்டுல அந்தப் பகுதி சம்பாஸ் சுல்தான், மெம்பாவா அரசர் இவங்க கையில இருந்துச்சு. போர்னியோவோட பூர்வகுடியான தயாக் மக்களும் மலாய்க்காரங்களும் ஆத்து மணல்ல தங்கம் அரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, ஆனா அளவு கொஞ்சம். அரசருங்களுக்கு வருமானம் கூடணும்னு ஆசை, அதனால 1740கள் வாக்குல சீனாவுல இருந்து சுரங்க வேலைக்கு ஆள் வரவழைக்க ஆரம்பிச்சாங்க. வந்தவங்கள்ல பெரும்பகுதி ஹக்கா. கப்பல் எறங்குறது கடற்கரையில, வேலை மலைக்குப் பின்னாடி, நடுவுல தங்கி எளைப்பாற ஒரு இடம் வேணும், சுரங்கத்துக்கு அரிசி காய்கறி அனுப்ப வயல் வேணும். அந்த நடு இடம்தான் சிங்காவாங். அதாவது இது மீனவர் ஊரா ஆரம்பிச்சு பெருசானதில்ல, தங்கச் சுரங்கத்தோட வாசப்படியா வளர்ந்த ஊரு.

இதுவரைக்கும் சுருக்கமா: ஹக்கா ஒரு மலைநாட்டு ஹான் பிரிவு, பொழப்புக்கு வெளியேறுனவங்க, போர்னியோவுக்கு வந்தது தங்கத்துக்கு, சிங்காவாங் அந்தத் தங்கப் பாதையில கடலோர நிறுத்தம்.

கோங்சி: கூட்டுக் கிணறு மாதிரி

இப்பதான் முக்கியமான சமாச்சாரம். கோங்சின்னா என்ன? பங்கு போட்டு நடத்துற கூட்டு அமைப்பு. இதைப் புரிஞ்சுக்க நம்ம ஊர் கூட்டுக் கிணத்தை நெனச்சுக்குங்க. நாலு பங்காளிங்க சேர்ந்து ஒரு கிணறு வெட்டுவாங்க, காசு இருக்கறவன் காசு போடுவான், இல்லாதவன் ஆளா எறங்கி மண்ணு சுமப்பான், வெட்டி முடிச்சதும் ஆளுக்கு இத்தனை நாள் தண்ணின்னு முறை, பத்திரத்துலயே 'கிணத்துல நாலுல ஒரு பங்கு'ன்னு எழுதிடுவாங்க, மோட்டார் ரிப்பேர் ஆனா செலவும் பங்குப்படிதான். தகராறு வந்தா பெரியவர் ஒருத்தர் உக்காந்து பேசி முடிப்பாரு. கிணத்துக்குள்ள தண்ணிக்கு பதிலா தங்கம்னு வச்சுக்கிட்டா கோங்சியோட ஆரம்பம் புரிஞ்சிடும்.

ஆனா ஏன் கூட்டா பண்ணணும், தனித்தனியா அரிச்சா என்ன? அங்கதான் அவங்க டெக்னிக் வருது. மேட்டுல ஓடையை மறிச்சு ஒரு அணை கட்டுவாங்க, கீழ நீளமா ஒரு வாய்க்கால் வெட்டுவாங்க. தங்கம் கலந்த மண்ணை வெட்டி வெட்டி வாய்க்கால்ல கொட்டிட்டு, மேல இருக்குற தண்ணியைத் திறந்து விட்டா மண்ணும் சேறும் அடிச்சுக்கிட்டு போயிடும், தங்கம் கனம்கிறதால அடியில தங்கிடும். இப்படியே மாசக்கணக்குல பண்ணிட்டு கடைசியில வாய்க்காலை நிறுத்தி அடி மண்ணை வழிச்சு, மரத்தட்டுல அலசி தங்கத்தை எடுக்கறது. குழியில ஊத்து தண்ணி வந்துட்டா இறைக்கறதுக்கு, சீன வயல்ல காலால மிதிச்சு ஓட்டுற சங்கிலி ஏத்தத்தை அங்க கொண்டு போய் வச்சாங்க. வயக்காட்டு நீர்ப்பாசன அறிவுதான் சுரங்க அறிவா மாறுச்சு, இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான்.

அணை கட்ட, வாய்க்கால் வெட்ட, மண்ணு சுமக்க பத்து பேரு பத்தாது, பெரிய குழின்னா நூறு பேருக்கு மேல வேணும். தங்கம் கண்ணுல தெரியறதுக்குள்ள பல மாசம் ஆகும், அதுவரைக்கும் எல்லாருக்கும் சோறு போடணும், கடப்பாரை மண்வெட்டி வாங்கணும். அந்த முதலை ஒருத்தனால போட முடியாது, அதனால பங்கு. தங்கம் வழிச்சு எடுக்குற அன்னைக்கு செலவைக் கழிச்சிட்டு மிச்சத்தை பங்குப்படி பிரிப்பாங்க, கணக்கு எல்லாருக்கும் தெரியணும். புதுசா கப்பல்ல வந்தவனுக்கு உடனே பங்கு கெடையாது, கப்பல் கூலிக் கடனை அடைக்க கொஞ்ச காலம் கூலியாளா உழைக்கணும், அப்புறம்தான் உள்ள சேர்ப்பாங்க.

குடியரசா இல்லையா

சின்ன கோங்சிங்க ஒண்ணு சேர்ந்து பெரிய கோங்சி ஆச்சு. 1776ல மொண்ட்ராடோவுல 14 கோங்சி சேர்ந்து ஹெஷுன்னு ஒரு கூட்டமைப்பு. அடுத்த வருஷம் 1777ல தெற்க மண்டோர்ங்கிற இடத்துல லோ ஃபோங் பாக்ங்கிறவர் தலைமையில லான்ஃபாங் கோங்சி. வீடியோக்காரங்க சொல்ற 'குடியரசு' இந்த லான்ஃபாங்தான். இவங்களுக்கு ஒரு தலைமை மண்டபம் இருக்கும், அதுலயே சாமி பீடம், ஆபீஸ், பஞ்சாயத்து எல்லாம். தலைவரைத் தேர்ந்தெடுத்தாங்க, வரி வாங்குனாங்க, தண்டனை கொடுத்தாங்க, சொந்தமா காசு அடிச்சாங்க, தேவைப்பட்டா சண்டையும் போட்டாங்க. பாத்தா ஒரு சின்ன அரசாங்கம் மாதிரியேதான் இருக்கு, 19ம் நூற்றாண்டு கடைசியில டி குரூட்ங்கிற டச்சு அறிஞர் இவங்களை கிராமக் குடியரசோட ஒப்பிட்டு எழுதினதும், அப்புறம் 20ம் நூற்றாண்டு சீன எழுத்தாளருங்க அதைப் பெருசாக்கினதும் சேர்ந்து 'ஆசியாவோட முதல் குடியரசு'ங்கிற பட்டம் ஒட்டிக்கிச்சு.

எடறது எங்கன்னா, லான்ஃபாங் ஆரம்பத்துல உள்ளூர் அரசருக்குக் கப்பம் கட்டின அமைப்பு. தலைவர் பதவிக்கு குறிப்பிட்ட ஊர்க்காரங்கதான் வரலாம்னு விதி இருந்துச்சு, அதுவும் பெரும்பாலும் சாகுற வரைக்கும் பதவிதான். லோ ஃபோங் பாக் 1795ல இறக்குற வரை தலைவர். புது ஆளுக்கும் தயாக்குக்கும் பொம்பளைங்களுக்கும் அதுல குரலே கெடையாது. அதனால குடியரசுன்னு சொல்றதை விட, தொழில் பங்குல ஆரம்பிச்சு, சுத்தி வேற நிர்வாகம் இல்லாததால ஊர் நிர்வாகத்தையும் கையில எடுத்துக்கிட்ட கூட்டு அமைப்புன்னு சொல்றதுதான் சரி. மொண்ட்ராடோ கூட்டமைப்பு அதைவிட ஒரு வருஷம் பழசு, அங்க தலைவர்களை அடிக்கடி மாத்தவும் செஞ்சாங்க, தேர்தல்னு பாத்தா அதுதான் பக்கத்துல வரும். ஆனா அதுக்கு ஒரே ஒரு ஹீரோ இல்ல, அதனால வீடியோ இல்லன்னு நான் நெனைக்கிறேன்.

அந்தப் பகுதியைத் தங்க ஆட்சிக்குள்ள கொண்டு வந்துக்கிட்டு இருந்த டச்சுக்காரங்களுக்கு இது பிடிக்கல. 1850ல இருந்து 1854 வரைக்கும் போர் நடந்து ஹெஷுன் கூட்டமைப்பைக் கலைச்சாங்க. லான்ஃபாங் டச்சுக்காரங்களோட ஒத்துப்போனதால 1884 வரை தாக்குப்பிடிச்சுது. மொண்ட்ராடோ பக்கத்துல இருந்து தப்பிச்சவங்க கொஞ்ச பேரு எல்லை தாண்டி சரவாக்ல இருக்குற பாவு தங்கச் சுரங்கத்துக்குப் போனாங்க, அங்க இருந்த சுரங்கக்காரங்க 1857ல சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜா ஜேம்ஸ் புரூக்கை எதிர்த்துக் கிளம்புனது தனிக் கதை.

சுருக்கம்: கோங்சின்னா பங்கு. நிறைய ஆளும் நிறைய காத்திருப்பும் கேக்குற சுரங்க வேலைக்காக உருவாச்சு, ஊர் நிர்வாகமா வளர்ந்துச்சு, டச்சு ஆட்சி வந்ததும் போச்சு.

இப்ப ஊருக்குள்ள என்ன தெரியும்

தங்கம் போச்சு, கோங்சி போச்சு, ஆனா மக்கள் விவசாயம், வியாபாரம்னு கடலோரத்துலயே தங்கிட்டாங்க. ஊர் நடுவுல இருக்குற திரி தர்மா பூமி ராயா கோயில் 1878ல கட்டுனது, ஊரைக் காக்குற துவா பெக் கோங் சாமி. ஊர்ல சந்துக்கு சந்து இப்படி கோயில் இருக்குறதால ஆயிரம் கோயில் நகரம்னு பேரு. அந்தப் பழைய கோயில்ல இருந்து கொஞ்ச தூரத்துலயே பெரிய பள்ளிவாசல், ரெண்டையும் ஒரே ஃபிரேம்ல வர்ற மாதிரி எடுக்கறதுதான் ஊரோட ஸ்டாண்டர்டு போட்டோ. 1885ல அந்தப் பள்ளியை எழுப்புனவர் பாவாசாகிப் மரைக்காயர், நம்ம காரைக்கால்ல இருந்து வந்த வியாபாரின்னு அங்க சொல்றாங்க. சோழமண்டலக் கரை மரைக்காயர் ஒருத்தர் ஹக்கா ஊர்ல பள்ளி கட்டிருக்காரு, நம்ம ஆளுங்க வீடியோவுல இதை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க!

பீங்கான் வேலை பாக்கணும்னா சக்கோக் பக்கம் போங்க. மலைச்சரிவுல நீளமா பாம்பு மாதிரி ஏறிப் போற சூளை, டிராகன் சூளைம்பாங்க, விறகு போட்டு கீழ் வாயில நெருப்பு வச்சா சூடு தானா மேல ஏறும். இந்த ஜாடிங்களை வாங்குனவங்க நிறைய தயாக் மக்கள், அவங்க வீட்டுல பழைய ஜாடி ஒரு சொத்து. சீனாவுல இருந்து பொம்பளைங்க கொஞ்சம்தான் வந்தாங்க, சுரங்கக்காரங்க நிறைய பேரு தயாக் பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டாங்க, அதனால சிங்காவாங் ஹக்காவை சுத்தமான சீனா ஊர்னு பாக்கறதும் தப்பு.

ரெண்டு சமூகத்துக்கும் நடுவுல எப்பவும் இனிப்பாவே இருக்கலங்கிறதையும் சொல்லிடணும். 1967ல ராணுவத்தோட தூண்டுதல்ல தயாக் கிராமங்கள்ல இருந்து சீனர்களைத் துரத்துனாங்க, பல ஆயிரம் பேரு உள்நாட்டை விட்டு சிங்காவாங்குக்கும் பொந்தியானாக்குக்கும் ஓடி வந்தாங்க. இன்னைக்கு கடலோரத்துல ஹக்கா இவ்ளோ அடர்த்தியா இருக்குறதுக்கு 18ம் நூற்றாண்டுத் தங்கம் மட்டும் காரணம் இல்ல, இந்த அகதி வாழ்க்கையும் ஒரு காரணம். அதே 1967ல சுஹார்த்தோ அரசு சீனப் பண்டிகைகளைப் பொது இடத்துல கொண்டாடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, 2000ல அப்துர்ரஹ்மான் வாஹித் ஜனாதிபதியா இருந்தப்பதான் அதை எடுத்தாங்க. 2017ல சாய் சுய் மீங்கிற சீன வம்சாவளிப் பெண் இதே ஊருக்கு மேயரா ஜெயிச்சாங்க.

அந்தத் தடை போனதாலதான் சாப் கோ மே இப்ப ரோட்டுக்கு வந்திருக்கு. சீனப் புத்தாண்டுக்கு 15வது நாள். தாதுங்னு சாமி எறங்குற ஆளுங்க நூத்துக்கணக்குல, கன்னத்துல அலகு குத்தி, கத்தி பதிச்ச பல்லக்குல நின்னு ஊர்வலம் வருவாங்க, அதுல தயாக் ஆளுங்களும் இருப்பாங்க. சுரங்கத்துல நோய் பரவுன காலத்துல வைத்தியர் இல்லாம பேயை விரட்டப் பண்ண சடங்குதான் இதோட மூலம்னு ஊர்க்காரங்க சொல்றாங்க. இன்னொரு சின்ன விஷயம், இந்தப் பக்கம் நெருப்பு புடிச்சா அரசாங்க வண்டியோட சேர்ந்து சீன சமூகம் காசு போட்டு நடத்துற தன்னார்வத் தீயணைப்பு வண்டிங்களும் ஓடி வரும். கோங்சியைக் கலைச்சாலும் பங்கு போட்டு செய்யற பழக்கம் போகலன்னு இதைப் பாத்தா எனக்குத் தோணும்.

கடல்

ஊரை ஒட்டுன கரை சேறும் சதுப்புக் காடும்தான், வடக்க செத்தாபுக் பக்கம் மரப்பாலத்துல நடந்து அலையாத்திக் காடு பாக்கலாம். மணல் பீச் வேணும்னா தெற்க பாசிர் பஞ்சாங் போகணும். அதுக்குப் பக்கத்துல சிம்பிங்னு ஒரு தீவு, ஒரு பாறையும் கொஞ்சம் மரமும்தான், உலகத்துலயே ரொம்பச் சின்னத் தீவுகள்ல ஒண்ணுன்னு பெருமையா சொல்லுவாங்க. நீங்க நம்பணும்னு இல்ல, சாயங்காலம் நல்லாருக்கும். காட்டுப் பக்கம் ஆர்வம்னா போத்தெங் மலையில ரஃப்ளீசியா பூ பூக்கும், பூக்குற நேரம் சொல்ல முடியாது.

சாப்பாடு

ஹக்கா சமையல் மலைநாட்டு உழைப்பாளி சமையல். உப்புல போட்ட கடுகுக்கீரை, வெயில்ல காயவச்ச காய், சோயா டோஃபு, கொழுப்பு கூடின பன்றிக்கறி, எல்லாமே நாள் கணக்குல கெடாம இருக்கணும், வேர்த்து ஊத்துற உடம்புக்கு உப்பு ஏறணும்னு வந்தது. கடலோரம் வந்ததும் இதுல மீனும் காய்ஞ்ச எறாலும் சேந்துக்கிச்சு.

மொதல்ல சாப்பிட வேண்டியது சோய்பான். அரிசி மாவுல உள்ள இருக்கறது தெரியற அளவுக்கு மெல்லிசா தோல் போட்டு, உள்ள பெங்குவாங் கிழங்கு வச்சு ஆவியில வேகவச்சது. அந்தக் கிழங்கைப் பச்சையா கடிச்சா தண்ணியா, லேசா இனிப்பா, மொறுமொறுன்னு இருக்கும். கிழங்குக்கு பதிலா பூண்டு வாசம் அடிக்கிற குச்சாய் தழை வச்சதும் உண்டு. மேல வறுத்த பூண்டு தூவி, புளிப்புக் காரச் சட்னி தொட்டுக்கறது. பொந்தியானாக்ல இதே பண்டத்துக்கு சாய்குவேன்னு பேரு, ஏன்னா அங்க நகரத்துல தியோச்சூங்கிற இன்னொரு பிரிவுச் சீனர்கள் அதிகம், சிங்காவாங்ல ஹக்கா அதிகம்.

காலையில பாசிப்பருப்பைக் கொழகொழன்னு இனிப்புக் கஞ்சியா காய்ச்சி, மேல பொரிச்ச மாவுக் குச்சியை கத்திரிக்கோலால வெட்டிப் போட்டு தர்றாங்க, புபுர் குந்திங். ஹக்கா இல்லாத ஐட்டம்னா புபுர் பெடாஸ், இது சம்பாஸ் மலாய்க்காரங்களோடது, வறுத்த அரிசியும் தேங்காயும் இடிச்சுப் போட்டு, ஏகப்பட்ட கீரை, கெசும்ங்கிற வாசனை இலை, மேல நெத்திலியும் வேர்க்கடலையும். ஹக்கா ஊருன்னு வந்துட்டு இதை விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க, ஊர்ல மலாய்க்காரங்களும் தயாக்கும் நிறைய பேரு இருக்காங்க, அதையும் சாப்பிடுங்க.

சைவம் சாப்பிடறவங்க ஜாக்கிரதை, சோய்பான்ல காய்ஞ்ச எறால் போடுவாங்க, பூண்டை பன்றிக் கொழுப்புல வறுக்கற கடையும் உண்டு, கேட்டுட்டு வாங்கணும். ஹலால் வேணும்னா முஸ்லிம்கள் நடத்துற நூடுல்ஸ் கடைங்க தனியா இருக்கு. சாப் கோ மே நேரத்துல போறதா இருந்தா ரூமை ரொம்ப முன்னாடியே போட்டுடுங்க, தாய்வான், ஜகார்த்தான்னு வெளியே போன சொந்தக்காரங்க எல்லாம் அந்த வாரம் ஊருக்கு வந்துடுவாங்க, கடைசி நேரத்துல தேடுனா ரூம் கெடைக்கறது கஷ்டம். ஊர்வலம் வேணாம், கோயிலும் சூளையும் சாப்பாடும் போதும்னா வேற மாசம் போறதே நிம்மதி.